ஓசூரிலிருந்து ஒகேனக்கல், வத்தல்மலை: இரண்டு நாள் பைக் பயணத்துக்கு நான் சொல்லும் வழி

கேள்வி சுருக்கமாக இதுதான். ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர், நான்கு பைக். அதில் ஒன்று 100 சிசி. ஒருவர் வண்டி ஓட்டக் கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பவேண்டும். முதல் நாளே ஒகேனக்கல் பார்த்துவிட்டு தருமபுரி பக்கத்து வத்தல்மலை ஏறி, மறுநாள் அரூர் பக்கத்துத் தீர்த்தமலை, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை எல்லாம் முடித்துக்கொண்டு திரும்பலாமா, ஹைவேயைத் தவிர்த்து நல்ல கிராமத்துச் சாலையாக வழி சொல்லுங்கள் அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே நாளில் ஒகேனக்கல்லும் வத்தல்மலையும் வேண்டாம் தம்பி. தீர்த்தமலையையும் அணையையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மொத்தத்தையும் மேப்பில் கூட்டினால் 400 கிலோமீட்டர் பக்கம்தான் வரும், இரண்டு நாளைக்கு அது பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் பாதி வழி காட்டுச் சாலையும் மலைச் சாலையும். மீதியில் ஊருக்கு ஊர் வேகத்தடை. மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரி வந்தாலே நல்ல ஓட்டம். டீ குடிக்க நிற்பது, போட்டோ எடுப்பது, பின்னால் வருபவருக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் அதுவும் வராது. அதனால் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: எத்தனை இடம் பார்க்கலாம் என்று ஆரம்பிக்காதீர்கள், மாலை 6 மணிக்கு நான்கு வண்டியும் எங்கே நிற்கவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி நேரத்தைப் பிரித்துக்கொண்டு வந்தால் வழி அமைந்துவிடும். உங்களுக்கு சனிக்கிழமை மாலை ஒகேனக்கல். ஞாயிறு மாலை ஓசூர் எல்லைக்குள். இரண்டு நாளும் அந்த நேரம் தவறக்கூடாது. காரணம் யானை, அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை வழி: ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்ராபாளையம், ஒகேனக்கல். இரவு அங்கேயே தங்கல். ஞாயிறு: பென்னாகரம், தருமபுரி, வத்தல்மலை ஏறி இறங்கி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்.

இந்த வழியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நிலம். ஆங்கிலேயர் காலத்துச் சேலம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். மேலே ஓசூர், தளி பக்கம் பாலகாட். நடுவே கிருஷ்ணகிரியும் தருமபுரியும் இருக்கும் பாராமகால். தொப்பூர் கணவாய்க்குக் கீழே சேலம் பக்கம் தாலகாட். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஓசூர்ப் பக்கம் 1799-ல் திப்பு இறந்த பிறகுதான் போனது. காகிதத்தில் இருக்கும் அந்த எல்லைக்கோட்டை வண்டியில் போகும்போது உடம்பில் உணரலாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். ஒகேனக்கல் 250 மீட்டர் ஒட்டி. காலையில் தளியில் கை விறைக்கும், மதியம் காவிரிக்கரையில் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருக்க முடியாது. நாற்பத்துநாலாம் எண் நெடுஞ்சாலையில் போனால் இந்த இறக்கம் தெரியவே தெரியாது. அஞ்செட்டி வழியில் ஒவ்வொரு வளைவிலும் தெரியும்.

காலை 6 மணிக்கு ஓசூரை விட்டால் போதும். தளி சாலை நல்ல சாலை. இரண்டு பக்கமும் ரோஜாவும் காய்கறியும் வளர்க்கும் பசுமைக்குடில்கள், ராகி வயல், நடுநடுவே ஏரி. குளிரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் தளியைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள் என்று இங்கே சொல்வார்கள். டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் கேட்கும். பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகள் சந்துகளிலிருந்து திடீரென்று ஏறும், அதை மட்டும் கவனியுங்கள். அதற்கு முன்னோடியான டிவிஎஸ் 50 வண்டி 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்துதான் முதன்முதலில் வெளியே வந்தது. இன்றைக்கும் இந்த மேட்டுநிலத்தில் எக்ஸ்எல்தான் விவசாயியின் வண்டி. உங்கள் பைக் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்கு வழி விடுங்கள்.

காலை டிபனைத் தேன்கனிக்கோட்டையில் முடித்துக்கொண்டு, நான்கு வண்டிக்கும் அங்கேயே டேங்க் நிரப்பிவிடுங்கள். அதற்கப்புறம் பென்னாகரம் வரைக்கும் பெட்ரோலைப் பற்றி யோசிக்கவேண்டிய நிலை வரக்கூடாது. தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், பொரிகடலை மாதிரி ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் வழியில் பல இடங்களில் இருக்காது, அதனால் மேப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனி யானை. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் ராகி முற்றும் பருவத்தில், அக்டோபர் கடைசியிலிருந்து, யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக இந்தப் பக்கம் வரும். சானமாவு, சூளகிரி வரை வந்து, பிப்ரவரி மார்ச் வாக்கில்தான் திரும்பும். அதைத் தவிர இங்கேயே ஆண்டு முழுக்க இருக்கும் யானைகளும் உண்டு. நீங்கள் போகும் அஞ்செட்டி, நாட்ராபாளையம் சாலையைச் சுற்றியுள்ள காடு 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது. இங்கே சாலையில் நாம்தான் விருந்தாளி.

பைக்கில் போகிறவருக்கு யானையைப் பற்றித் தெரியவேண்டியது அதிகம் இல்லை, ஆனால் தெரிந்தே ஆகவேண்டும். சாலையில் சாணி கிடந்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். உலர்ந்து நார் நாராக இருந்தால் பழையது. ஈரமாக, பச்சை நிறம் மாறாமல், லேசாக ஆவி பறந்தால் அது பக்கத்தில்தான் நிற்கிறது. மூங்கிலோ மரக்கிளையோ புதிதாக ஒடிந்து சாலையில் கிடந்தாலும் அதே கதைதான். யானை சாலையிலோ ஓரத்திலோ தெரிந்தால் நன்றாகத் தள்ளி, வளைவுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள், ஆனால் முறுக்கவும் கூடாது. ஹாரன் கூடாது. திருப்பிக்கொண்டு வரக்கூடிய இடத்தில் வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள். அது போக அரை மணி ஆனாலும் ஆகட்டும், நீங்கள் போகும் திசையில் பஸ்ஸோ லாரியோ வந்தால் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாம். "ஓரமாகப் போய்விடலாம் மச்சான்" என்று ஒருவன் சொல்வான். அவன் பேச்சைக் கேட்காதீர்கள். குட்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போய்விட்டால் பைக்கில் தப்பிப்பது ரொம்பக் கஷ்டம்.

காட்டுக்குள் இறங்கி நடப்பது, பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவது, ட்ரோன் பறக்கவிடுவது எதுவும் வேண்டாம். அப்புறம் பாட்டில். இதைக் கோபமாகவே சொல்கிறேன். காட்டோரத்தில் உடைந்து கிடக்கும் மது பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் அது வாரக்கணக்கில் புண் வைத்து நொண்டும், சில சமயம் அதிலேயே செத்துப்போகும். ராகி வயலில் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பயிரைக் காக்கும் மனிதர்கூட அந்த யானைக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. உங்கள் கூட்டத்தில் யாராவது குடிப்பதற்காகவே வருகிறார் என்றால் இந்தப் பயணத்துக்கு அவர் வேண்டாம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டைத் தாண்டி அஞ்செட்டிக்கு இறங்கும் சாலைதான் என் கணக்கில் மொத்தப் பயணத்திலும் அழகானது. மழை முடிந்த மாதங்களில் இரண்டு பக்கமும் மூங்கிலும் மரமும் கவிந்து, வெயில் துண்டு துண்டாகத்தான் சாலையில் விழும். அந்த வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருவதால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் இந்தப் பகுதியில் கழற்றிவிடுங்கள். அய்யூர் வழியாகப் பெட்டமுகிலாளம் போகும் மலைச்சாலையும் அருமையாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும். அஞ்செட்டியில் ஒரு டீ குடித்துவிட்டு, முன்னால் சாலை எப்படி இருக்கிறது, யானை நடமாட்டம் எங்கே என்று கடைக்காரரிடமோ வனத்துறை ஊழியரிடமோ கேளுங்கள். அவர்கள் போகாதே என்றால் போகாதீர்கள். பிற்பகல் 1 மணிக்குள் அஞ்செட்டியை விட்டுவிட்டால் அவசரம் இல்லாமல் 4 மணிக்குள் ஒகேனக்கல் வந்துவிடலாம்.

ஒகேனக்கல்லைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், அதனால் பைக்கில் வருகிறவருக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். முதலில் தண்ணீர். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடும் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலு, ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்ன கணக்கு அளக்கப்படுவது அங்கேதான். மழைக்காலத்தில் தினமும் காலையில் பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி என்று செய்தி வரும். அந்த எண் திடீரென்று ஏறினால் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் ஓசூரிலும் தருமபுரியிலும் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் குடகில் பெய்த மழை இங்கே வெள்ளமாக வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதா என்று முடிவு பண்ணுங்கள்.

சனிக்கிழமை மாலையில் போய்ச் சேர்ந்தவுடன் ரூம் போட்டு, வண்டியை நிறுத்தி, சும்மா ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வாருங்கள். அரசின் தமிழ்நாடு ஓட்டல் இருக்கிறது, தனியார் விடுதிகளும் உண்டு. விடுமுறை நாளாக இருந்தால் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பரிசலை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் வருவதற்கு முன்னால். மூங்கில் தப்பையைப் பின்னி, அடியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கீல் பூசிய வட்டக்கூடை அது. ஒருகாலத்தில் தோல் போர்த்தினார்கள். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டு நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது தண்ணீர் எங்கே சுழல்கிறது, எங்கே அமைதியாக இருக்கிறது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு வாரைக் கட்டாமல் ஏறாதீர்கள், பரிசலில் எழுந்து நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். தடுக்கப்பட்ட இடத்தில் குளிப்பது அறவே கூடாது. மேலே சாதுவாகத் தெரியும் தண்ணீருக்குக் கீழே பாறைப் பொந்துகள் இருக்கின்றன. ஒகேனக்கல்லில் இறந்துபோன இளைஞர்களில் பலர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான்.

சாப்பாடு இங்கே ஓட்டலில் வேண்டாம். மீன் கடையில் கட்லாவோ ரோகுவோ கெளுத்தியோ வாங்கி, சமைத்துத் தரும் அம்மாக்களிடம் கொடுத்துவிட்டால் போதும். விறகடுப்பில் குழம்பும் வறுவலும் சோறும் செய்து வைத்துவிடுவார்கள். என்ன வாங்கிவரவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள், பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள். வறுவலுக்கு மிளகாய்த்தூளை அரைத்த பூண்டோடு பிசைந்து, மீனில் கீறல் போட்டு உள்ளே தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவைத்துத்தான் கல்லில் போடுவார்கள். அவசரப்படுத்தினால் அந்த ருசி வராது. சொல்லிவிட்டுப் பரிசலுக்குப் போய்வந்தால் சரியாக இருக்கும். ஆயில் மசாஜ் செய்பவர்களும் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டி இடுப்பு வலிக்கிறவர்கள் செய்துகொள்ளலாம், ஆனால் கை காலில் எண்ணெய்ப் பிசுக்கோடு வண்டி எடுக்காதீர்கள். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியபிறகுதான் ஹேண்டில்பாரைப் பிடிக்கவேண்டும்.

ஞாயிறு 10 மணிக்கு ஒகேனக்கல்லை விடவேண்டும். பரிசலும் சாப்பாடும் முடிய 11 ஆகிவிட்டால் வத்தல்மலையை யோசிக்காமல் விட்டுவிட்டு நேராகத் திரும்புங்கள். பென்னாகரம் 16 கிலோமீட்டர், பாதி மலையேற்றம், குரங்குகள் அதிகம். பிஸ்கட் எறியாதீர்கள், அது சாலைக்கு வந்து பழகித்தான் வண்டியில் அடிபட்டுச் சாகிறது. பென்னாகரத்திலிருந்து தருமபுரி 30 கிலோமீட்டர் நேர்சாலை. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல் உயிர்விட்ட பாப்பாரப்பட்டி வழியாகச் சுற்றியும் வரலாம். அங்கே அவருடைய நினைவிடம் இருக்கிறது.

இந்தச் சாலையோரங்களில் புளியமரத்தடியிலோ வயல் வரப்பிலோ வில்லும் வாளும் ஏந்திய ஆள் செதுக்கிய கல் ஒன்று நின்றால் அது நடுகல். ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவருக்கு ஊர் வைத்த கல். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவையும் இங்கே நிறைய உண்டு. பைக்கை அதில் சாய்த்து நிறுத்தாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப்போய்ப் பார்த்தால் எழுத்தும் தெரியலாம்.

வத்தல்மலை தருமபுரியிலிருந்து 25 கிலோமீட்டர் பக்கம். கொமத்தம்பட்டி அடிவாரத்திலிருந்து ஏற்றம், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் சின்னச் சின்ன ஊர்கள்: சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றியங்காடு, பெரியூர். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காப்பி, மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, திறந்த இடங்களில் ராகி, சாமை. நல்ல சாலை வருவதற்கு முன் நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்து இறக்கிய மலை இது. இந்தச் சாலை அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகும் சாலை. நீங்கள் வளைவில் நான்கு வண்டியையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் மேலேயிருந்து வரும் ஜீப் பிரேக் பிடிக்க இடம் இருக்காது. நிற்கவேண்டுமென்றால் நேரான இடத்தில், தார் விட்டு இறங்கி நில்லுங்கள்.

இந்த மலையில் ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அப்போது மொத்த வேகத்தையும் பிரேக் ஒன்றே தாங்கவேண்டும். டிரம் பிரேக் நாலைந்து வளைவில் சூடாகி, மிதித்தால் மிதித்தபடியே போகும், வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக்கிலும் ஆயில் மாற்றி வருடக்கணக்காகிவிட்டால் அதில் ஈரம் ஏறி, சூட்டில் கொதித்து, லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். ஆகவே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் நேரான இடத்தில் ஒருமுறை அழுத்திப் பிடித்து வேகம் குறைத்து, விட்டுவிட்டு வளையுங்கள். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்கவேண்டும். கண் போகும் பக்கம்தான் வண்டி போகும். வளைவின் உள்பக்கம் மழையில் அடித்துவந்த செம்மண்ணும் பொடிக்கல்லும் கிடக்கும், அங்கே சாய்த்தால் சறுக்கும். பஸ் ஏறி வந்தால் அது முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்பும், வளைவுக்கு மேலேயே நின்று அதைப் போகவிடுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் அதற்குப் பின் வாங்கிய உங்கள் பெரிய வண்டிகளில் அது இருக்கும். 100 சிசி வண்டியில் இருக்காது. அதை ஓட்டுகிறவர் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். அந்த வண்டியில் மலைக்கு இரண்டு பேர் ஏறவேண்டாம்.

தையை ஒட்டிய மாதங்களில் போனால் இன்னொன்று இருக்கிறது. களம் இல்லாத விவசாயிகள் ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறிப் போவதால் கதிரடிப்பை முடித்துக்கொள்வார்கள். கார் ஓட்டுகிறவருக்கே சங்கடம், பைக்குக்கு அது எண்ணெய்த் தரை. கொள்ளு உருண்டை மணி, டயருக்கு அடியில் உருளும். அதில் பிரேக் போடவே கூடாது, சாய்க்கவும் கூடாது. முன்னாலேயே வேகம் குறைத்து, கையை நேராக வைத்து, ஒரே சீராகக் கடந்துபோங்கள். காய்ந்த கொடி செயினில் சுற்றிக்கொள்ளும், சைலன்சரில் ஒட்டினால் புகையும். தாண்டியதும் நிறுத்தி எடுத்துவிடுங்கள். விவசாயியிடம் சண்டை போடாதீர்கள், வேறு இடம் இருந்தால் அவர் சாலைக்கு வரமாட்டார்.

பிற்பகல் 3 மணிக்கு வத்தல்மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தால்தான் கணக்கு சரியாக வரும். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழி ஓசூருக்குப் புதிய நான்குவழிச் சாலை இருக்கிறது. திரும்பும்போது அதையே எடுங்கள், உடம்பு அசந்திருக்கும் நேரத்தில் கிராமத்துச் சாலை வேண்டாம். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி ஏற்றிய வேன்கள் மாலையில் வேகமாகப் போகும். இடப்பக்கத் தடத்தில் நிதானமாக வாருங்கள். ராயக்கோட்டை மலைமேல் தெரியும் கோட்டை, 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்தது. கீழிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் இடையில் சானமாவு காடு வருகிறது. யானைக் கூட்டம் பகலில் அங்கே தங்கி, இருட்டியதும் சாலையைக் கடந்து வயலுக்குப் போகும். நாலுவழிச் சாலை என்பது அதற்குத் தெரியாது. மாலை 6 மணிக்குள் ஓசூர் எல்லைக்குள் இருக்கவேண்டும் என்று நான் சொன்னது இதனால்தான். தாமதமாகிவிட்டால் தருமபுரியிலேயே ரூம் போட்டுத் தங்கி திங்கள் அதிகாலை கிளம்புங்கள், ஒரு அரை நாள் லீவு போவதில் ஒன்றும் குறையாது.

நான்கு வண்டி சேர்ந்து போகும் விதம் பற்றியும் சொல்லவேண்டும், நண்பர்கள் பயணம் கெடுவது பெரும்பாலும் இதில்தான். வழி தெரிந்து நிதானமாக ஓட்டுபவர் முன்னால். புதிதாக ஓட்டுபவர் இரண்டாவது, 100 சிசி மூன்றாவது. நன்றாக ஓட்டத் தெரிந்து ரிப்பேரும் கொஞ்சம் தெரிந்தவர் கடைசி. வேகத்தை இரண்டாவது வண்டிதான் முடிவு செய்யும். அவரைக் கடைசியில் விட்டால் மற்றவர்களைப் பிடிக்கவேண்டும் என்று தன் சக்திக்கு மீறி முறுக்குவார், விழுவது அங்கேதான். சிக்னல் இல்லாத இடங்களில் போனை நம்பமுடியாது, எனவே ஒரு ஏற்பாடு: சாலை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை முன் வண்டி நகரக்கூடாது. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்துக்கொண்டால் யாரும் தொலைய மாட்டார்கள். வரிசையாக ஒட்டிப் போகாமல் ஒருவர் தடத்தின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று விலகிப் போனால் முன்னால் தெரியும், பிரேக் போடவும் இடம் இருக்கும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், மலைச்சாலையில் அது சட்டத்துக்காக மட்டும் இல்லை.

வண்டியைப் பொறுத்தவரை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சர்வீஸ் விடுங்கள். முந்தின நாள் விட்டால், சரியாக மாட்டாத ஒரு போல்ட் அஞ்செட்டியில்தான் தெரியவரும். டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், காலையில் டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள், இரண்டு பேர் ஏறும் வண்டிக்குப் பின் டயரில் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்போக் சக்கர வண்டிக்கு ஒரு ட்யூப் கையில் இருக்கட்டும். செயின் தளர்வு, கிளட்ச் வயர், பல்பு. போதும்.

போகச் சிறந்த மாதம் எது என்றால், என் விருப்பம் டிசம்பர், ஜனவரி. மழை ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும், ஆற்றில் தண்ணீர் அளவாக இருக்கும். யானையும் அப்போதுதான் அதிகம், அதனால் நேரக் கட்டுப்பாட்டைக் கூடுதலாகப் பார்க்கவேண்டும். மார்ச்சிலிருந்து மே வரை காட்டில் இலை இருக்காது, வெயில் ஆளைச் சாய்த்துவிடும். ஆடிப்பெருக்கு நாளில் ஒகேனக்கல் பக்கமே வராதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை செய்தியில் பிலிகுண்டுலுவில் வெள்ளம், பரிசலுக்குத் தடை என்று வந்தால் பயணத்தை ரத்து செய்யவேண்டாம், திசையை மாற்றுங்கள். சனிக்கிழமை ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி வந்து மதியத்துக்குள் வத்தல்மலை ஏறி இறங்கி, இரவு தருமபுரியில் தங்குங்கள். ஞாயிறு காலை அரூர் வழியாக நீங்கள் கேட்ட தீர்த்தமலை. படியேறிச் சுனைத் தண்ணீரில் நனைந்துவிட்டு, ஊத்தங்கரை, மத்தூர் வழியாகக் கிருஷ்ணகிரி. அந்தச் சாலை முழுக்க மாந்தோப்பு, ஜூன் மாதமாக இருந்தால் செந்தூராவும் மல்கோவாவும் தோட்டத்திலேயே வாங்கலாம். பிற்பகலில் கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, 4 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே ஓசூர்.